மலைப்பாதையில் ஓடும் பைக்கை நாமே பராமரித்துக் குறிப்பெழுதி வைக்கும் முறை

செங்கோட்டையிலிருந்து புளியரை எஸ் வளைவில் ஏறி, கோட்டைவாசலைக் கடந்து ஆரியங்காவு, தென்மலை வரை தினமும் வேலைக்குப் போய்வரும் பைக்குகள் எங்கள் பக்கம் ஏராளம். ஏற்றத்தில் இரண்டாம் கியரில் இழுத்தும், இறக்கத்தில் பிரேக்கைத் தேய்த்தும், ஜூன் தொடங்கிவிட்டால் சாரலில் நனைந்தும் ஓடும் வண்டிக்கு, எல்லா ஊருக்கும் பொதுவாகக் கையேட்டில் அச்சிட்ட கணக்கு அப்படியே பொருந்துவதில்லை. நம் பாதைக்கு உரிய கணக்கு நாம் எழுதி வைப்பதிலிருந்துதான் கிடைக்கும் என்பதால், ஸ்பேனரைத் தொடுவதற்கு முன் ஒரு நோட்டை எடுத்து, அன்றைய தேதியையும் மீட்டரில் ஓடியிருக்கும் கிலோமீட்டரையும் எழுதிவிடுங்கள். டிரம் பிரேக் உள்ள 100 முதல் 125 சிசி வண்டியை வைத்தே இங்கே விளக்குகிறேன்.

முதல் வேலை எஞ்சின் ஆயில். வண்டியை மூன்று நிமிடம் ஓடவிட்டு நிறுத்தி, சமதரையில் சென்டர் ஸ்டாண்டு போட்டு, எஞ்சினுக்கு அடியில் தட்டு வைத்து, பல வண்டிகளில் 17 ஆம் நம்பராக இருக்கும் ஆயில் வடிக்கும் டிரெயின் போல்ட்டை ரிங் ஸ்பேனரால் கழற்றுங்கள். வடிந்த ஆயிலை இரு விரல்களுக்கு இடையில் தேய்த்துப் பாருங்கள்: கருப்பாக இருப்பது இயல்பு, உலோகத் துகள் நெருடினாலோ, பால் விட்ட தேநீர் நிறத்தில் இருந்தாலோ, உள்ளே தேய்மானம் உண்டு அல்லது தண்ணீர் புகுந்திருக்கிறது என்று பொருள். அளவுக் குவளையில் ஊற்றி எத்தனை மில்லி வடிந்தது என்பதையும் எழுதுங்கள். ஒவ்வொரு முறையும் அது குறைந்துகொண்டே வந்தால், கசிவையோ எஞ்சினுக்குள் இருக்கும் பிஸ்டன் ரிங்கின் தேய்மானத்தையோ முன்கூட்டியே கண்டுபிடித்துவிடலாம். போல்ட்டின் வாஷரைப் புதிதாக மாற்றி, முதல் சில சுற்றுகளைக் கையாலேயே திருகுங்கள். முன்பொரு முறை வேறொருவர் அளவுக்கு மீறி முறுக்கியதால் என் வண்டியின் மரையே போய்விட்டது. அதைச் சரிசெய்ய ஆன செலவு பத்து ஆயில் மாற்றத்துக்குச் சமம். கையேட்டில் சொன்ன தரத்தில், சொன்ன அளவில் புது ஆயில் ஊற்றுங்கள். பழைய ஆயிலை வாய்க்காலில் கொட்டாதீர்கள், அந்தத் தண்ணீர்தான் புளியரை வயல்களுக்குப் பாய்கிறது; கேனில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள்.

அடுத்து பிரேக், மலைப்பாதையில் உயிர் காப்பது இதுதான். பிரேக்கை முழுவதும் அழுத்திப் பிடிக்கும்போது, டிரம் தட்டில் உள்ள சிறிய அம்புக்குறி அங்கே பதித்திருக்கும் அடையாளக் கோட்டைத் தொட்டால், டிரம்முக்குள் உரசி சக்கரத்தை நிறுத்தும் பிரேக் ஷூ தேய்ந்து முடிந்துவிட்டது. டிரம்மைக் கழற்றினால் உள்ளே இருக்கும் தூசியை வாயால் ஊதாதீர்கள், ஈரத்துணியால் துடையுங்கள். சமவெளியில் சுரண்டை வரை ஓடிய காலத்தில் என் பின் ஷூ 19,000 கிலோமீட்டர் வந்தது. மலை ஏறத் தொடங்கிய பிறகு அதே வண்டியில் 11,000 தான் என்று நோட்டு காட்டியது. அதிலிருந்து 9,000 கிலோமீட்டரிலேயே திறந்து பார்த்துவிடுகிறேன்.

செயின் கவரில் உள்ள ரப்பர் மூடியைக் கழற்றி, விரலால் செயினை மேலும் கீழும் அசைத்து, தொய்வு கையேட்டு அளவுக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். சக்கரத்தைக் கையால் மட்டும் சுழற்றி 90 ஆம் நம்பர் கியர் ஆயில் விடுங்கள். எஞ்சினை ஓடவிட்டுச் செயினைத் துடைப்பவர்களுக்கு விரல் போய்விடும். மழைக்காலத்தில் இதை வாரம் ஒருமுறை செய்தே ஆக வேண்டும்.

டயர் காற்றை வண்டி ஓடுவதற்கு முன், குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். ஸ்பார்க் பிளக்கின் முனை இளம் பழுப்பாக இருந்தால் நல்லது. விளக்கு, ஹாரன், கேபிள்களைச் சோதிக்க ஐந்து நிமிடம் போதும்.

முடிந்ததும் தெருவுக்குள் மெதுவாக ஒரு சுற்று ஓட்டிப் பார்த்து, கசிவு இல்லை என்று உறுதி செய்தபின் நோட்டை நிரப்புங்கள். என் நோட்டில் ஒரு வரி இப்படி இருக்கும்: “14 ஜூன், 38,412 கி.மீ., ஆயில் வடிந்தது 820 மில்லி, வாஷர் புதிது, பின் அம்புக்குறி கோட்டுக்கு ஒரு நூல் தள்ளி, செயின் இறுக்கினேன், பில் பின்பக்கத்தில்.” அதே வரியின் ஓரத்தில், அடுத்து எந்தக் கிலோமீட்டரில் எதைப் பார்க்க வேண்டும் என்பதைப் பென்சிலால் எழுதுங்கள், சாரல் முன்கூட்டியே இறங்கிவிட்டால் அந்த எண்ணை அழித்துக் குறைக்க வேண்டியிருக்கும்.