பூனைக்குச் சிறுநீர் வருகிறதா? கவனிக்க வேண்டியதும் கிளம்ப வேண்டிய நேரமும்

மணல் தட்டில் பூனை உட்காருவது வேறு, அதற்குச் சிறுநீர் வருவது வேறு. புதிதாகப் பூனை வளர்ப்பவர்கள் பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். "இன்னைக்கு ஏழெட்டுத் தடவை போயிட்டு வந்துடுச்சு" என்பார்கள். போனதை எண்ணியிருப்பார்கள், தட்டில் ஈரம் இருந்ததா என்று பார்த்திருக்க மாட்டார்கள். கீழே வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: வருகிறதா, இல்லையா?

நான் இருப்பது பினாங்குத் தீவில், ஆயர் ஈத்தாம் பக்கம் ஓர் அடுக்குமாடியில். அதனால் கடை, சாலை, பண்டிகை எல்லாம் இந்த ஊர்க்கணக்கில்தான் வரும்.

ஒரு விஷயம் முதலிலேயே. உங்கள் கடுவன் பூனை இப்போது தட்டுக்கும் தரைக்கும் அலைந்துகொண்டு, முக்கி முக்கிப் பார்த்து, ஒரு சொட்டும் விடாமல் இருக்கிறதா? அப்படியானால் நேராகப் படி 3-க்குப் போங்கள். மற்றதை மருத்துவமனையில் காத்திருக்கும்போது படித்துக்கொள்ளலாம்.

படி 1: நன்றாக இருக்கும்போதே அதன் வழக்கத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

நலமாக இருக்கும் வளர்ந்த பூனை பொதுவாக ஒரு நாளைக்கு 2 முதல் 4 தடவை சிறுநீர் கழிக்கும். உங்கள் பூனைக்கு எத்தனை, ஒவ்வொன்றும் எவ்வளவு பெரிது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பென்டோனைட் மணலோ தோஃபு மணலோ போடுபவர்களுக்கு இது சுலபம். ஈரம் பட்ட இடம் உருண்டையாகக் கட்டிக்கொள்ளும், அள்ளும்போதே எண்ணிவிடலாம். திடீரென்று சின்னச் சின்ன உருண்டைகளாக நிறைய வந்தால் பூனை அடிக்கடி போய்க் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறது என்று அர்த்தம்.

சிக்கல் மரத்தூள் குச்சியில்தான். விலை மலிவு, நாற்றமும் அடங்கும் என்று இங்கே பலர் வாங்குவது அதைத்தான். நனைந்ததும் குச்சி தூளாக உதிர்ந்து சல்லடை வழியாகக் கீழ்த்தட்டுக்கு இறங்கிவிடும், எத்தனை தடவை என்று எண்ண வழியில்லை. அதனால் காலையிலும் இரவிலும் கீழ்த்தட்டை இழுத்துப் பாருங்கள். பூனை பிராண்டும்போது கொஞ்சம் உலர்ந்த தூளும் விழும். அது வெளிறிய நிறத்தில், ஊதினால் பறக்கும். சிறுநீர் பட்ட தூள் அடர்ந்த பழுப்பில், கனமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு, மூக்கில் ஏறும் நெடியோடு இருக்கும். ஒரு வாரம் பார்த்தால் இந்த வித்தியாசம் கண்ணுக்குப் பழகிவிடும்.

இரண்டு மூன்று பூனைகள் ஒரே தட்டைப் பயன்படுத்தினால் எதற்குப் பிரச்சினை என்று கண்டுபிடிக்க முடியாது. சந்தேகப்படும் பூனையைத் தனி அறையில், தனித் தட்டோடு, தண்ணீரும் தீனியும் வைத்துச் சில மணி நேரம் விடுங்கள். தெரிந்துவிடும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. உருண்டைகள் வழக்கத்தைவிடப் பெரிதாகி, தண்ணீர்க் கிண்ணமும் சீக்கிரம் காலியானால், குறிப்பாக வயதான பூனைக்கு, சிறுநீரகக் கோளாறு, நீரிழிவு, தைராய்டு போன்றவை காரணமாக இருக்கலாம். நள்ளிரவில் ஓட வேண்டியதில்லை, ஆனால் அந்த வாரத்துக்குள் காட்டிவிடுங்கள்.

படி 2: என்னென்ன தென்பட்டால் சந்தேகப்பட வேண்டும்

சாதாரணமாகப் பூனை குந்தி உட்காரும், கொஞ்ச நேரம் அசையாமல் இருக்கும், மூடிவிட்டுப் போய்விடும். வலி இருக்கும் பூனை முதுகை வளைத்துக்கொண்டு நெடுநேரம் உட்காரும். எழுந்து இன்னொரு மூலைக்குப் போய் மறுபடி உட்காரும். வாலின் அடி துடிக்கும். சில பூனைகள் கத்தும், சில சத்தமே போடாது. வெளியே வந்ததும் பின்பக்கத்தை ஓயாமல் நக்கும்.

இன்னொன்று, தட்டை விட்டுவிட்டுக் குளியலறைத் தரை, கைகழுவும் தொட்டி, பால்கனி டைல்ஸ் என்று வழவழப்பான, குளிர்ந்த இடங்களாகத் தேடிப் போய்ச் சொட்டுச் சொட்டாக விடும். இதற்குத்தான் நிறையப் பூனைகள் அடி வாங்குகின்றன. அடம் பிடிக்கிறது, பழிவாங்குகிறது என்று நினைத்துவிடுகிறார்கள். தயவுசெய்து திட்டாதீர்கள். தட்டுக்குப் போனாலே வலிக்கிறது என்று அது இடம் மாற்றிப் பார்க்கிறது, அவ்வளவுதான். அந்தச் சொட்டை வெள்ளை டிஷ்யூ பேப்பரால் ஒற்றி எடுத்துப் பாருங்கள். இளஞ்சிவப்பாகவோ துரு நிறத்திலோ இருந்தால் ரத்தம் கலந்திருக்கிறது. நின்றபடி வாலைத் தூக்கிச் சுவரில் பீய்ச்சுவது பெரும்பாலும் இடத்துக்கு அடையாளம் வைக்கும் வேலை, கருத்தடை செய்யாத கடுவன்களிடம் அதிகம். அதை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.

காரணங்கள் பல. கல், படிகம், குழாயில் அடைக்கும் கசடு எல்லாம் உண்டு. ஆனால் இளம், நடுவயதுப் பூனைகளிடம் அதிகம் பார்ப்பது, தெளிவான காரணம் ஒன்றும் அகப்படாத சிறுநீர்ப்பை அழற்சி. மன உளைச்சலுக்கும் இதற்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. கிருமித்தொற்று இந்த வயதில் குறைவு, வயதான பூனைகளிடம்தான் அதிகம். அதனால் "ஆன்டிபயாட்டிக் குடுத்தா சரியாயிடும்" என்று நீங்களாக முடிவுகட்ட வேண்டாம்.

படி 3: ஒன்றுமே வரவில்லையென்றால் உடனே கிளம்புங்கள்

கடுவனுக்குச் சிறுநீர் வெளிவரும் குழாய் மிகவும் குறுகலானது. கொஞ்சம் கசடோ ஒரு சிறு கல்லோ போதும், முழுக்க அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலமும் நீளக் குறைவும் என்பதால் அடைப்பு அபூர்வம். (பெட்டைக்கும் ரத்தம், முக்கல் இருந்தால் வலிதான். அன்றோ மறுநாளோ காட்டிவிடுங்கள். ஒரு சொட்டும் வரவில்லையென்றால் அதற்கும் இதே அவசரம்தான்.)

அடைத்துக்கொண்டால் பை உப்பிக்கொண்டே போகும். வெளியேற வேண்டிய கழிவுகள் ரத்தத்திலேயே தங்கும். சிறுநீரகம் பாதிக்கப்படும். ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பையே நிறுத்திவிடும். ஓரிரு நாளிலேயே உயிர் போகக்கூடிய விஷயம் இது. வாந்தி, சாப்பிடாமல் ஒளிந்துகொள்வது, துவண்டு கிடப்பது எல்லாம் வந்துவிட்டால் ஏற்கெனவே நேரம் கடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். "காலையில பாத்துக்கலாம்" என்பது இதற்கு மட்டும் செல்லாது.

எங்கள் மாடியில் இருக்கும் அக்கா ஒருநாள் இரவு கதவைத் தட்டினார்.

"தம்பி, கருப்பனுக்கு மலச்சிக்கல் போல இருக்கு. முக்கிக்கிட்டே கிடக்கான். ஆலிவ் எண்ணெய் இருந்தா கொஞ்சம் குடேன்."

"கடைசியா எப்போ ஒன்னுக்குப் போனான், அக்கா?"

"அதான் நாள் பூரா போய்க்கிட்டே இருக்கானே!"

"தட்டுல ஈரம் இருந்துச்சா?"

போய்ப் பார்த்துவிட்டு வந்தார். மரக்குச்சிகள் கொட்டினது கொட்டினபடியே காய்ந்து கிடந்தன. எண்ணெயை எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுக் கிளம்பினோம். கருப்பன் பிழைத்துக்கொண்டான். மலச்சிக்கலும் அடைப்பும் வெளியே பார்க்க ஒரே மாதிரி இருக்கும். சந்தேகம் வந்தால் அடைப்பு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அது மலச்சிக்கலாக இருந்தால் கொஞ்சம் பணம்தான் நஷ்டம்.

வயிற்றைத் தடவிப் பார்க்கலாமா? அடைத்த பை எலுமிச்சம்பழம் போல உருண்டு கெட்டியாகக் கைக்குத் தட்டுப்படும் என்பார்கள். உண்மைதான், ஆனால் பழக்கமில்லாதவர்கள் அதை நம்பிக் காத்திருக்க வேண்டாம். அழுத்தவே கூடாது, பை கிழிந்துவிடலாம்.

கிளம்பும் முன் போன் பண்ணுங்கள். எடுப்பவர் மலாய் பேசுபவராக இருந்தால் இப்படிச் சொன்னால் போதும்: "கூச்சிங் ஜந்தான், தாக் போலே கென்ச்சிங், டாரி பாகி." கடுவன் பூனை, சிறுநீர் போக முடியவில்லை, காலையிலிருந்து. இது காதில் விழுந்தாலே விஷயம் தெரிந்தவர்கள் "உடனே கொண்டு வாங்க" என்பார்கள். மருத்துவர் இப்போது இருக்கிறாரா, குழாய் போடும் வசதி உண்டா, இரவில் தங்கவைத்துப் பார்ப்பார்களா என்று மூன்றையும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் அடுத்த எண்.

கூண்டில் பழைய வெளிர்நிறத் துண்டு ஒன்றை விரியுங்கள். வழியில் ஏதாவது வந்தால் அதில் தெரியும், நிறத்தோடு மருத்துவரிடம் காட்டலாம். கூண்டின் மேல் ஒரு துணியைப் போர்த்திவிட்டால் பூனை கொஞ்சம் அடங்கியிருக்கும்.

இரவில் திறந்திருக்கும் மருத்துவமனை எண்களை இன்றைக்கே எழுதி வையுங்கள், தீவில் ஒன்று, பட்டர்வொர்த் பக்கம் ஒன்று. சீனப் புத்தாண்டு வாரத்தில் பல கிளினிக்குகள் பூட்டியிருக்கும். போதாக்குறைக்குக் கெக் லோக் சி கோவில் விளக்கு பார்க்க வரும் கூட்டத்தில் ஆயர் ஈத்தாம் சாலை நகராது. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைப் பக்கச் சாலைகளை மூடிவிடுவார்கள். அந்த நாட்களில் யார் திறந்திருப்பார்கள், எந்த வழியாகப் போவது என்று முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: வீட்டு வைத்தியத்தைக் கையில் எடுக்காதீர்கள்

நம் வீடுகளில் நீர்க்கடுப்பு என்றதும் பார்லித் தண்ணீர், இளநீர், வாழைத்தண்டுச் சாறு என்று வரிசையாக வரும். மனிதருக்கு எப்படியோ, அடைப்புள்ள பூனைக்கு எதுவும் வேண்டாம். இளநீரில் பொட்டாசியம் அதிகம். ஏற்கெனவே பொட்டாசியம் ஏறிக்கொண்டிருக்கும் உடம்பில் அதை ஏன் ஊற்ற வேண்டும்? கல்லுக்கு நல்லது என்று இங்கே விற்கும் மிசாய் கூச்சிங் தேநீரும் அப்படித்தான். பெயரில் பூனை மீசை இருக்கிறது, ஆனால் அது சிறுநீரைப் பெருக்கும் மூலிகை. வெளியேற வழியில்லாத பையை மேலும் நிரப்பி என்ன பயன்? ஊசிக்குழலால் தண்ணீர் புகட்டுவதும் கூடாது.

பனடோல் அறவே கூடாது. அதிலுள்ள பாரசிட்டமால் பூனைக்கு விஷம், ஒரே மாத்திரை உயிரை எடுத்துவிடும். இபுப்ரோஃபெனும் ஆபத்து. போனமுறை மிச்சம் வைத்த மருந்தும் வேண்டாம்.

படி 5: மருத்துவமனையில்

கடைசியாகச் சிறுநீர் வந்ததைப் பார்த்தது எப்போது, வாந்தி உண்டா, என்ன தீனி, கருத்தடை ஆயிற்றா, இதற்கு முன் இப்படி வந்திருக்கிறதா என்று கேட்பார்கள். செல்போனில் எடுத்த ஒரு சின்ன வீடியோ, பூனை தட்டில் உட்கார்ந்து முக்குவது, நீங்கள் விவரிப்பதைவிட நன்றாகச் சொல்லும்.

அடைப்பு என்றால் மயக்கம் கொடுத்துக் குழாய் போட்டுச் சிறுநீரை வெளியேற்றுவார்கள், நரம்பில் திரவம் ஏற்றுவார்கள், ரத்தத்தில் பொட்டாசியமும் சிறுநீரகச் செயல்பாடும் பார்ப்பார்கள். பொதுவாகச் சில நாட்கள் அங்கேயே தங்க வேண்டியிருக்கும். எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துக் கல் இருக்கிறதா என்று தேடுவார்கள். ஸ்ட்ருவைட் கல்லை மருத்துவர் எழுதித் தரும் தீனியாலேயே கரைத்துவிட முடியும். கால்சியம் ஆக்சலேட் கரையாது, எடுக்கத்தான் வேண்டும். அடைப்பு திரும்பத் திரும்ப வந்தால் குழாய் வாயை அகலப்படுத்தும் அறுவை சிகிச்சையும் உண்டு.

செலவு சில நூறு ரிங்கிட்டில் நிற்காமல் ஆயிரத்தைத் தாண்டலாம். முதலிலேயே மதிப்பீடு கேளுங்கள், கூச்சம் வேண்டாம். முழுத் தொகையும் கையில் இல்லையென்றால் அதையும் சொல்லிவிடுங்கள். முதலில் எதைச் செய்தாக வேண்டும், எது பிறகு போதும் என்று நல்ல மருத்துவர் பிரித்துச் சொல்வார்.

படி 6: வீட்டுக்கு வந்த பிறகு

முதல் ஒரு வாரம் மறுபடி அடைத்துக்கொள்ளும் வாய்ப்பு அதிகம். தட்டைத் தினமும் பலமுறை பாருங்கள். மரக்குச்சி போடுபவர்கள் அந்த நாட்களுக்காவது கட்டிப்படும் மணலுக்கு மாறுவது நல்லது. பழைய தட்டை எடுத்துவிடாமல் புதியதைப் பக்கத்தில் வையுங்கள், பூனைக்குத் திடீர் மாற்றம் பிடிக்காது.

அப்புறம் தண்ணீர். உலர்தீனியில் பத்தில் ஒரு பங்கு அளவுதான் ஈரம். டின்னிலும் பௌச்சிலும் வரும் ஈரத்தீனியில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர்தான். எனவே நாளுக்கு ஒரு வேளையாவது ஈரத்தீனிக்கு மாற்றினாலே உள்ளே போகும் நீர் நன்றாகக் கூடும். கெம்போங் மீனை அவித்துத் தருபவர்கள் உப்பு சேர்க்காத அந்தத் தண்ணீரைக் கொஞ்சம் கலந்து கொடுக்கலாம், ஆனால் மீனே முழு உணவாக வேண்டாம். தண்ணீர்க் கிண்ணங்களை வீட்டில் இரண்டு மூன்று இடங்களில், தட்டுக்கும் தீனிக்கும் தள்ளி வையுங்கள்.

மணல் தட்டு, பூனைகளின் எண்ணிக்கையைவிட ஒன்று கூடுதலாக இருக்க வேண்டும் என்பது பொதுவான கணக்கு. இரண்டு பூனை இருந்தால், சின்ன பிளாட்டில் மூன்று தட்டுக்கு இடமேது என்று கேட்பீர்கள். சரி, இரண்டு தட்டாவது வையுங்கள், ஆனால் இரண்டையும் ஒட்டிவைக்காமல் வேறு வேறு மூலைகளில் வையுங்கள். ஒரு பூனை வழிமறித்தால் இன்னொன்றுக்குப் போக இடம் இருக்கும்.

உளைச்சலைக் குறைப்பதும் வைத்தியத்தின் பகுதிதான். தீபாவளி வெடியும், சீனப் புத்தாண்டின் எட்டாம் நாள் இரவு, தெய்வப் பேரரசர் பிறந்தநாளுக்காக ஹொக்கியன் மக்கள் நள்ளிரவில் வெடிக்கும் பட்டாசும் இந்த ஊரில் தவிர்க்க முடியாதவை. அன்றைக்கு மாலையே ஜன்னலைச் சாத்தி, உள்ளறையில் ஓர் அட்டைப்பெட்டி, தட்டு, தண்ணீர் எல்லாம் வைத்துப் பூனையை அங்கே விட்டுவிடுங்கள். வீட்டில் விருந்தாளிகள் தங்கும் வாரத்திலும் இதே ஏற்பாடுதான்.

மருத்துவர் தனித் தீனி எழுதித் தந்திருந்தால் அந்தப் பூனைக்கு அது மட்டும்தான், மற்றப் பூனையின் கிண்ணத்தில் வாய் வைத்தால் பலன் கெட்டுவிடும். நாள் முழுக்கத் தீனியைத் திறந்து வைக்கும் வழக்கத்தை விட்டு, வேளைக்கு வைத்து, தனித்தனி அறையில் சாப்பிட விட்டு, இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். எத்தனை மாதம் தர வேண்டும் என்பதை அடுத்த சிறுநீர்ச் சோதனையைப் பார்த்துத்தான் சொல்வார்கள், அந்தத் தேதியைத் தவறவிடாதீர்கள்.