கியர் எண்ணெய் குடித்த பைக்

பினாங்கின் பாலிக் புலாவ் மலைப்பாதையில் இரண்டாவது ஏற்றத்திலேயே என் டூ-ஸ்ட்ரோக் டர்ட் பைக் இருமி நின்றுவிட்டது. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றினால் கன்னங்கரேலென்று எண்ணெய் ஈரம். புதுப் பிளக் போட்டால் அரை மணி நேரம் ஓடும், அப்புறம் அதே கதை.

டூ-ஸ்ட்ரோக்கில் பெட்ரோலோடு எண்ணெயையும் கலந்து ஊற்ற வேண்டும்; அந்த எண்ணெய் அதிகம் என்றார்கள் நண்பர்கள். இல்லை, 5 லிட்டருக்கு 156 மில்லி, 32:1 கணக்கு. கார்புரேட்டரில் மெதுவாக ஓடும்போது பெட்ரோல் விடும் சின்னத் துளையான பைலட் ஜெட்டை ஓர் அளவு குறைத்தும் பயனில்லை.

துப்பு கொடுத்தது வெள்ளைப் புகைதான். இஞ்சின் சூடான பிறகும் அடங்கவில்லை, வாடையும் வேறு. கியர்பாக்ஸ் எண்ணெயை வடித்து அளந்தேன். ஊற்றியது 700 மில்லி, வந்தது 450! பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க்கேஸ் அறைக்குள் கியர் எண்ணெய் போகாமல் தடுக்கும் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல் தேய்ந்திருந்தது. பிஸ்டன் மேலேறும்போது கிராங்க்கேஸில் உண்டாகும் வெற்றிடம் கியர் எண்ணெயை உறிஞ்சியிருக்கிறது.

சீல் சில ரிங்கிட்தான். கிளட்ச்சைக் கழற்றி மாட்டத்தான் ஒரு ஞாயிறு போனது. பழைய ஜெட்டையே திரும்பப் போட்டேன். இப்போது பிளக் காப்பிப்பொடி நிறம், சரியாக எரிகிறது என்று அர்த்தம்.