முதுகில் வைத்த கை: புதிதாக யோகா கற்றுத்தருபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஜூன் 21 நெருங்கும்போதெல்லாம் நாகர்கோவிலைச் சுற்றியுள்ள பள்ளி மைதானங்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒத்திகைகள் தொடங்கிவிடுகின்றன. 2015 முதல் கொண்டாடப்பட்டுவரும் பன்னாட்டு யோகா நாளுக்காக ஆண்டுதோறும் புதிய பயிற்றுநர்கள் சிலர் களம் இறங்குகிறார்கள். சான்றிதழ் வாங்கி மூன்று மாதங்கூட ஆகாத இளைஞர்கள், ஐம்பது பேரை வரிசையில் உட்காரவைத்து, ஒலிபெருக்கியில் எண்ணிக்கை சொல்லிக்கொண்டே இடையில் நடந்துபோவதைச் சென்ற மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபது ஆண்டுகளுக்கு முன்பு நான் நடந்த அதே நடை. நான் செய்த அதே பிழைகள், அதே வரிசையில்.

சாப்பிட்டவுடன் ஆசனம் செய்யக்கூடாது, டைல்ஸ் தரையில் பாய் இல்லாமல் நிற்கக்கூடாது என்பன போன்ற செய்திகளை நான் இங்கே எழுதப்போவதில்லை. அவை எல்லோருக்கும் தெரியும். தெரியாதவரும் முதல்முறை வழுக்கி விழுந்ததும் தெரிந்துகொள்வார். தவறு என்றே தோன்றாத தவறுகள்தான் என் கவலை.

எண்ணிக்கைக்காக மூச்சை அடக்குதல்

மூச்சை உள்ளிழுக்க 16 மாத்திரை, உள்ளே நிறுத்த 64 மாத்திரை, வெளியே விட 32 மாத்திரை என்று திருமூலர் கணக்குச் சொல்லியிருக்கிறார். ஒரு மாத்திரையை ஒரு நொடி என்று வைத்துக்கொண்டால், ஒரு சுற்றுக்கு 112 நொடிகள் ஆகின்றன. ஏறத்தாழ இரண்டு நிமிடத்துக்கு ஒரே ஒரு மூச்சு! நெடுங்காலம் பழகியவர் சென்று சேரும் இடம் அது. முதல் வாரத்துப் பாடம் அன்று. ஆனால் கைப்பேசியில் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு, "பாதியாவது செய்யுங்கள்" என்று மாணவர்களை முடுக்கும் பயிற்றுநர்களைக் காண்கிறேன்.

ஒருவர் தன் அளவை மீறி மூச்சை அடக்குகிறாரா என்பதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டியதில்லை. அடுத்த மூச்சை அவர் எப்படி எடுக்கிறார் என்று பார்த்தால் போதும். நீரில் மூழ்கி எழுந்தவர்போலத் தோள்கள் உயர, வாய் திறந்து இழுத்தால், அதற்கு முந்தைய கும்பகம், அதாவது மூச்சை உள்ளே நிறுத்தியது, அவருக்கு மிகுதி. முதல் சில வாரங்களுக்கு நான்கு எண்ணி இழுத்து, ஆறு எண்ணி விடச் சொல்லுங்கள். இடையில் நிறுத்தம் வேண்டவே வேண்டாம். உயர் இரத்த அழுத்தமோ இதய நோயோ உள்ளவர்களுக்கும் கருவுற்ற பெண்களுக்கும், எத்தனை வாரங்கள் ஆனாலும் அதே அளவுதான்.

முதுகில் கை வைத்து அழுத்துதல்

இதைப் பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன்.

கருங்கல் பக்கத்தில் ஒரு வாடகைக் கட்டடத்தின் மாடியில் மாலை வகுப்பு நடத்திக்கொண்டிருந்த காலம் அது. வகுப்புக்கு வந்தவர்களில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தையல்கார அக்காவும் இருந்தார். பகல் முழுவதும் பெடல் மிஷினில் உட்கார்ந்திருப்பவர் என்பதால் தொடையின் பின்பக்கத் தசைகள் இறுகிக் கிடந்தன. கால்களை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தானாசனத்தில் அவருடைய விரல்கள் கணுக்காலைத் தாண்டவில்லை. இன்னும் நான்கு விரற்கடைதானே என்று நினைத்தேன். அவர் மூச்சை விடும் நேரம் பார்த்து, இரண்டு கைகளையும் அவர் முதுகில் ஊன்றி அழுத்தினேன். விரல்கள் கால் பெருவிரலைத் தொட்டன. அதே நொடியில் அவருக்குள் ஒரு சத்தம் கேட்டது.

"சார், உள்ள என்னவோ விட்டுப்போச்சுல்லா?" என்று கேட்டார்.

"பயப்படாதீங்க அக்கா, இறுக்கம் விட்டிருக்கு" என்று சொன்னேன்.

அந்தப் பதிலை நினைத்தால் இன்றும் என் மீதே எரிச்சல் வருகிறது. விட்டது இறுக்கம் அன்று. உட்காரும்போது தரையில் படும் இடுப்பெலும்பின் முனையில், தொடைத் தசை வந்து பற்றிக்கொள்ளும் தசைநார். அதுவும் அப்போது எனக்குத் தெரியாது. தெரியாததோடு நிற்காமல், வலிக்கிறது என்று அவர் மறுநாள் சொன்னபோது, "இன்னும் நன்றாக நீட்டினால் சரியாகிவிடும்" என்று வேறு அறிவுரை சொன்னேன். கிழிந்த தசைநாரை நீட்டுவது, தையல் பிரிந்த துணியை இரண்டு பக்கமும் பிடித்து இழுப்பது போன்றது. அவர் என் பேச்சைக் கேட்டு மூன்று வாரங்கள் இழுத்தார்.

பிறகு வகுப்புக்கு வரவில்லை. டிசம்பர் தொடக்கத்தில் அவருடைய கடைப்பக்கம் போனபோது, மிஷினுக்கு முன்னால் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தார். அக்கா நின்றுகொண்டு பட்டன் தைத்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிடத்துக்கு மேல் உட்கார்ந்தால் அடியில் முள் குத்துவதுபோல இருக்கிறதாம். எங்கள் பகுதியில் கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்கள்தாம் ஒரு தையல்காரருக்கு அறுவடைக் காலம். அந்த ஆண்டு வந்த துணிகளில் பெரும்பகுதியை அவர் வேறொருவருக்கு மாற்றிவிட்டிருந்தார். "எனக்க ஒடம்பு அப்படி சார், ஒங்களச் சொல்லி என்ன?" என்றார். என்னைத் திட்டியிருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவர் வலியில்லாமல் உட்கார எட்டு மாதங்கள் பிடித்தன.

நடந்தது என்ன என்பதை எனக்கு விளக்கியவர் ஓர் இயன்முறை மருத்துவர். முன்னோக்கி வளைவது இடுப்பிலிருந்து தொடங்க வேண்டும். இடுப்பெலும்பு முன்பக்கம் சாய, முதுகு அதைப் பின்தொடர வேண்டும். தொடையின் பின்தசை இறுகியிருந்தால் அது இடுப்பெலும்பைப் பின்னாலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். அந்த நிலையில் மேலிருந்து அழுத்தினால் அந்த விசை போவதற்கு இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, தசைநாரின் வேரில் போய் இறங்கும். அக்காவுக்கு நடந்தது அது. மற்றொன்று, கீழ்முதுகு கூனி வளைந்து, முள்ளெலும்புகளுக்கிடையே உள்ள டிஸ்க் பின்பக்கமாகப் பிதுங்கும். திடீரென்று இழுபடும் தசை தன்னைக் காத்துக்கொள்ள எதிர்த்துச் சுருங்கும் என்பதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள்: நாம் நீட்டுவதாக நினைக்கும் நேரத்தில் அது சுருங்கிக்கொண்டிருக்கிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பு மெலிந்திருக்கும் பெண்களுக்கோ, இப்படிக் கூனவைத்து அழுத்துவதில் முள்ளெலும்பே நொறுங்கிவிடும் ஆபத்தும் உண்டு. காலை வகுப்புகளுக்கு வருபவர்களில் பாதிப் பேர் அந்த வயதுப் பெண்கள்தாம்.

இவ்வளவு கேடான பழக்கம் இங்கே ஏன் ஒழியாமல் இருக்கிறது என்று நான் யோசித்ததுண்டு. கைப்பேசியில் படம் எடுக்க வேண்டும், படத்தில் எல்லோருடைய நெற்றியும் முழங்காலைத் தொட வேண்டும் என்பது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம் எங்கள் மாவட்டத்துக்கே உரியது. இது உடம்பின் உயிர்நிலைப் புள்ளிகளை அறிந்த வர்ம ஆசான்களின் மண். சுளுக்கோ எலும்பு முறிவோ வந்தால் ஆசானின் கையில் உடம்பைக் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வது இங்கே தலைமுறைப் பழக்கம். அந்தக் கையை நம்புவதில் பொருள் உண்டு: படுவர்மம் 12, தொடுவர்மம் 96 என்று எங்கே தொடலாம், எங்கே தொடக்கூடாது என்பதை ஆண்டுக்கணக்கில் கூடவே இருந்து கற்ற கை அது. யோகா கற்றுத்தர வருபவருக்கு அந்த மரியாதை இனாமாகக் கிடைத்துவிடுகிறது. வலித்தாலும் மாணவர் வாய் திறப்பதில்லை; வலிப்பதுதான் வைத்தியம் என்று நினைத்துக்கொள்கிறார். சில மாத வகுப்பில் படித்த நமக்கு அந்தக் கை இல்லை என்பதை நாமாவது நினைவில் வைத்திருக்க வேண்டாமா?

ஆசனத்தின் பெயரும் நம் பக்கம் இல்லை. பச்சிமம் என்றால் மேற்கு; கிழக்கு நோக்கி உட்கார்ந்திருப்பவருக்கு முதுகுப்புறம். பின்னுடம்பை நீட்டுவது என்பதற்கு மேல் அந்தப் பெயர் எதையும் கேட்கவில்லை. ஆசனம் நிலையாகவும் சுகமாகவும் இருக்க வேண்டும் என்று பதஞ்சலி சொல்கிறார். மூக்கு முழங்காலைத் தொட வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

இப்போது நான் செய்வது இவ்வளவுதான். மடித்த போர்வையின் மேல் மாணவரை உட்காரவைக்கிறேன். இருக்கை நான்கு விரல் உயர்ந்ததும் இடுப்பெலும்பு தானாகவே முன்னால் சாய வழி கிடைக்கிறது. முழங்காலைச் சற்று மடக்கிக்கொள்ளச் சொல்கிறேன். பாதத்தைச் சுற்றி ஒரு துவர்த்தை (துண்டை)ப் போட்டு இரண்டு முனைகளையும் பிடித்துக்கொண்டால், கால்விரலைத் தொடும் ஆசை அதோடு தீர்ந்துவிடுகிறது. தொட்டே ஆக வேண்டும் என்றால் முதலில் அனுமதி கேட்கிறேன். பெண்களிடம் கேட்காமல் தொடுவது வேறொரு பெரிய தவறு, அதற்குத் தனியாக எழுத வேண்டும். கேட்டபின் ஒரு விரலை மட்டும் கீழ்முதுகில் வைத்து, "இந்த இடத்திலிருந்து நிமிருங்கள்" என்கிறேன். அந்த விரலில் எடை இருக்காது. எவ்வளவு வளைய வேண்டும் என்பதை அவர் உடம்பு முடிவு செய்துகொள்ளும். சிலருக்கு ஆறு மாதம், சிலருக்கு வாழ்நாள் முழுவதும் கணுக்கால்தான் எல்லை. அதனால் யாருக்கும் எந்தக் குறையும் வந்துவிடவில்லை.

கேட்காமல் சிரசாசனம் கற்றுத்தருதல்

தலைகீழாக நிற்கும்போது கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காக உயர்கிறது. கண் அழுத்த நோய் உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றாலும், தெரியாது என்றாலும் வேண்டாம்.

மருத்துவர் கொடுத்த மாத்திரையை நிறுத்தச் சொல்லுதல்

சொல்லாதீர்கள்.

எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வரிசை

அதிகாலை ஐந்து மணிதான் யோகாவுக்கு உகந்த நேரம் என்று குலசேகரத்தில் ஒருமுறை உரையாற்றினேன். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பலர் ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர்கள். வெயில் ஏறினால் மரத்தில் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால், அந்த நேரத்தில் அவர்கள் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு பாதித் தோட்டத்தை முடித்திருப்பார்கள். ஒருவரும் மறுத்துப் பேசவில்லை. மறுநாள் ஒருவரும் வரவும் இல்லை.

நேரத்தைப் போலவே ஆசன வரிசையும் தொழிலைப் பார்த்து அமைய வேண்டும். பட்டையில் விழும் வெட்டு இடது மேலிருந்து வலது கீழாகச் சரிவது. மரத்துக்கு மரம் அதே கோட்டில் கத்தியை இழுத்து வருபவரின் உடம்பு வேலை நேரம் முழுவதும் ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டிருக்கிறது. அவருக்கு உட்கார்ந்தபடி உடம்பைத் திருப்பும் அர்த்த மத்ஸ்யேந்திராசனத்தை இரு பக்கமும் சமமாக வைத்தால் போதாது. குறைவாகத் திரும்பும் பக்கத்தில் கூடுதல் நேரம் வேண்டும். அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், காலை முதல் குந்தியிருந்து கொட்டை உடைக்கும் பெண்களுக்கு மாலையிலும் முழங்காலை மடக்கி உட்காரும் வஜ்ராசனம், குந்தும் ஆசனம் என்று அடுக்குவது கொடுமை. அவர்களை நிற்கவையுங்கள், கைகளை மேலே தூக்கவையுங்கள், புஜங்காசனத்தில் மார்பைத் திறக்கவையுங்கள். வெறும் வயிற்றோடு வர வேண்டும் என்ற விதியையும் ஆளைப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். சர்க்கரைக்கு இன்சுலின் போட்டுக்கொண்டு, உங்கள் பேச்சை நம்பி ஒன்றும் சாப்பிடாமல் வந்தவர் வியர்த்து நடுங்கிக் குழறினால், அது நாடி சுத்தி மூச்சுப் பயிற்சியின் பயன் அன்று. முதலில் சர்க்கரைத் தண்ணீர் கொடுங்கள்.

சவாசனத்தைச் சுருக்குதல்

நேரமாகிவிட்டது என்று எல்லோரும், கடைசியில் மல்லாந்து படுத்து ஓய்வெடுக்கும் இதைத்தான் முதலில் வெட்டுகிறார்கள். பத்து நிமிடம் கொடுங்கள். யாராவது குறட்டை விட்டால் எழுப்ப வேண்டாம். அவர் அன்று எத்தனை மணிக்கு எழுந்தார் என்று உங்களுக்குத் தெரியாது.