தெலுங்குப் பட வசூலில் வரும் ‘சீடட்’: வேரிலிருந்து பிடிக்கும் வழி

காட்பாடியைத் தாண்டிச் சித்தூர்ப் பக்கம் போனால், பட வசூலை ‘நைஜாம் இவ்வளவு, சீடட் இவ்வளவு’ என்று பிரிப்பார்கள். நைஜாம் புரியும், நிஜாம் ஆண்ட தெலங்கானா. சீடட்? அது ஓர் ஆங்கில வினைச்சொல்லிலிருந்து வந்தது, ‘விட்டுக்கொடுக்கப்பட்ட’ என்று பொருள்.

முதலில் ஒலி. அந்த வினைச்சொல் ‘சீட்’, ஆங்கில எழுத்து சி-இ-டி-இ. ‘குடம்’ டகரம்தான், ‘பட்டம்’ போல அழுத்தினால் பஸ் சீட்டாகிவிடும். விதையைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே ஒலி என்பதால் செல்போனில் பேசித் தேடாதீர்கள், எழுத்தைத் தட்டுங்கள்.

அடுத்து பொருள். நிலம், ஆட்சி, உரிமை போன்றவற்றை இன்னொருவருக்கு விட்டுக்கொடுப்பது. வாங்கிக்கொள்ள ஆள் இருக்க வேண்டும். சிகரெட்டை விடுவதற்கு இது வராது. பாகத்தை விட்டு எழுதும் விடுதலைப் பத்திரத்துக்கு ‘ரிலீஸ்’. அபராதமாக இழந்தால் ‘ஃபோர்ஃபிட்’.

1800இல் ஹைதராபாத் நிஜாம் பெல்லாரி, கடப்பா பகுதிகளைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். அவைதான் ‘சீடட் மாவட்டங்கள்’. 1928இல் ராயலசீமை என்ற பெயர் வந்தும், சினிமா வியாபாரம் பழைய பெயரை விடவில்லை. (சித்தூர் நிஜாம் கொடுத்ததல்ல, 1911 வரை நம் வட ஆற்காட்டில் இருந்தது.) 1801இல் ஆற்காடு நவாப் அசீம் உத் தௌலா கர்நாடக (ஆற்காட்டுப் பகுதி, இன்றைய கர்நாடக மாநிலமல்ல) ஆட்சியைக் கம்பெனிக்கு விட்டதற்கும் இதே வினைதான்.

வேர், லத்தீன் ‘கேதெரே’: போ, விலகு. விலகினால் வழி கிடைக்கிறது, அதிலிருந்து விட்டுக்கொடுத்தல். பிரான்சின் சாலைப் பலகையில் இன்றும் ‘செதே லெ பஸாஜ்’, அதாவது வழிவிடு.

இனி எல்லோரும் சறுக்கும் இடம், ஸ்பெல்லிங். இதே ஒலியில் முடியும் வினைகளில் எக்ஸீட், ப்ரொஸீட், சக்ஸீட் மூன்றுக்கு மட்டும் முடிவு சி-இ-இ-டி. சூப்பர்ஸீட் ஒன்றுக்கு மட்டும் எஸ்-இ-டி-இ. அதன் வேர் வேறு, ‘செதேரே’, உட்கார். கன்ஸீட், ரிஸீட், ப்ரிஸீட், இன்டர்ஸீட் எல்லாம் சி-இ-டி-இ. விதியை மனப்பாடம் செய்வதைவிட எக்ஸீட், ப்ரொஸீட், சக்ஸீட், சூப்பர்ஸீட் என்ற நான்கு விலக்குகளை எழுதிப் பழகுவது மேல். அப்படியும் ‘ப்ரொஸீஜர்’ காலை வாரும்: ப்ரொஸீட்டில் இரண்டு இ சேர்ந்து வரும், இதில் சி-க்குப் பின் ஒன்றே.

கேட்கும்போது இன்னொரு சிக்கல்: நிலத்தை விட்டுக்கொடுப்பதும் ‘செஷன்’, கோர்ட் கூடுவதும் ‘செஷன்’. முன்னது சி-யில் தொடங்கும். கோர்ட்டுடையது எஸ், நீதிபதி உட்காருகிறாரே, அதே ‘செதேரே’.