புயல் எச்சரிக்கையை வாசிப்பது எப்படி?

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானதும் நம்மில் பலர் முதலில் கேட்பது, "இது புயலாக மாறுமா, மாறாதா?" என்பதுதான். மாறாது என்று தெரிந்தால் நிம்மதி அடைகிறோம். அந்த நிம்மதி பல நேரங்களில் ஆபத்தானது. ஏனெனில், தாழ்வு, புயல் என்று இந்திய வானிலை ஆய்வு மையம் சூட்டும் வகைப் பெயர்கள் காற்றின் வேகத்தை மட்டுமே அடிப்படையாகக் கொண்டவை. எவ்வளவு மழை பெய்யும் என்பதை அவை சொல்வதில்லை.

மணிக்கு 31 கிலோமீட்டருக்கும் குறைவான காற்று வீசினால் அது தாழ்வுப் பகுதி. அதற்கு மேல் தாழ்வு மண்டலம், பிறகு ஆழ்ந்த தாழ்வு மண்டலம். சுமார் 62 கிலோமீட்டரை எட்டும்போது புயல் என்ற பெயர் பெறுகிறது. 89-ஐத் தொட்டால் தீவிரப் புயல், 118-ஐத் தொட்டால் மிகத் தீவிரப் புயல். ஓட்டுக்கூரை தாங்குமா, தென்னையும் வாழையும் நிற்குமா, படகை எங்கே கட்டுவது என்பனவற்றை முடிவுசெய்ய இந்த அளவு உதவும். புயலின் கண் பகுதி கடக்கும்போது காற்று திடீரென அடங்கும் என்பதையும், சிறிது நேரத்தில் அது எதிர்த்திசையிலிருந்து வீசத் தொடங்கும் என்பதையும் நினைவில் வைத்து, அந்த இடைவெளியில் வெளியே செல்லாதிருங்கள்.

மழைக்கு அளவுகோல் வேறு. 24 மணி நேரத்தில் 7 முதல் 11 சென்டிமீட்டர் வரை பெய்தால் கன மழை. 12 முதல் 20 வரை மிக கன மழை. அதற்கு மேல் அதி கன மழை. 2023 டிசம்பர் 18 காலை 8.30 மணியுடன் முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் சுமார் 95 சென்டிமீட்டர் கொட்டியது. தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெறும் மழையைவிட இது அதிகம். அன்று புயல் எதுவும் இல்லை, உயரத்தில் காற்று சுழலும் வளிமண்டலச் சுழற்சி மட்டுமே இருந்தது. ஆகவே அறிக்கையில் பெயரைத் தாண்டி, உங்கள் மாவட்டத்துக்கு எந்த மழை வகை குறிப்பிடப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். மஞ்சள் நிறம் விழிப்புடன் இருக்கவும், ஆரஞ்சு நிறம் ஆயத்தமாகவும், சிவப்பு நிறம் உடனே செயல்படவும் சொல்கிறது.

கரையைக் கடக்கும் இடத்தையும் அளவுக்கு மீறி நம்ப வேண்டாம். மிக்ஜாம் புயல் 2023 டிசம்பர் 5 அன்று ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையைக் கடந்தது. ஆனால் அதற்கு முன்பே, கடலில் இருந்தபடியே, சென்னையை வெள்ளத்தில் மூழ்கடித்திருந்தது.

கடலோரத்தில், குறிப்பாகத் தாழ்வான பகுதிகளில் வசிப்பவர்கள், புயல் தள்ளிவரும் கடல்நீர் எவ்வளவு உயரும் என்ற வரியைத் தவறாமல் படிக்க வேண்டும். அது அமாவாசை, பௌர்ணமி நாள்களின் உயர் ஓதத்தோடு, அதாவது கடல்மட்டம் இயல்பாகவே ஏறும் வேளையோடு, சேர்ந்துகொண்டால் நீர் மேலும் உள்ளே வரும்.

நான் மிகவும் வலியுறுத்த விரும்புவது, வானிலை அறிக்கையில் பெரும்பாலும் இடம்பெறாத ஆபத்தை. அது ஆற்றின் மேற்பகுதியில் பெய்து கீழே வரும் தண்ணீர். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, உள்நாட்டில் வலுவிழந்துகொண்டிருந்தபோதுதான் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் ஊத்தங்கரையில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை பெய்தது. தென்பெண்ணைப் படுகையில் பெய்த மழை சாத்தனூர் அணைக்கு வந்து சேர, அணையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கன அடிக்கும் மேல் நீர் திறக்கப்பட்டது. ஆற்றின் கீழ்ப்பகுதியில் இருந்த ஊர்கள், மழை ஓய்ந்துவிட்டது என்று எண்ணிய வேளையில் நீரில் சிக்கின.

எனவே உங்கள் ஊர் எந்த ஆற்றின், எந்த அணையின் அல்லது ஏரியின் கீழே உள்ளது என்பதைக் கோடையிலேயே கேட்டு அறியுங்கள். அங்கே திறக்கப்படும் நீர் உங்களை அடைய எத்தனை மணி நேரம் ஆகும் என்று ஊர்ப் பெரியவர்களிடமும் நீர்வளத் துறை ஊழியர்களிடமும் விசாரியுங்கள். மழைநாள்களில் நீர்வரத்து, நீர்த்திறப்பு ஆகிய இரு எண்களும் மணிக்கு மணி எப்படி ஏறுகின்றன என்று பாருங்கள். வரத்து வேகமாக ஏறும்போது அணை ஏற்கெனவே நிரம்பியிருந்தால், திறப்பும் விரைவில் ஏறும். முந்தைய வெள்ளம் உங்கள் தெருவில் எந்த உயரம் வரை வந்தது என்று சுவரில் ஒரு கோடு இட்டு, பத்திரங்களையும் மருந்துகளையும் அதற்கு மேலே வைக்கத் தோதான இடத்தை இப்போதே ஒதுக்குங்கள்.