முதுகுவலியோடு பலப் பயிற்சி: ஒரு நாற்காலியில் தொடங்கலாம்

என் அம்மாவுக்கு 67 வயது, 88 கிலோ எடை, பல வருட முதுகுவலி. வலிக்குப் பயந்து படுத்தே கிடந்ததில் தொடைச் சதை வற்றிப்போய், சோபாவிலிருந்து எழவே யாராவது கை கொடுக்க வேண்டியிருந்தது. தொடையிலும் பிட்டத்திலும் பலம் குறைந்தால் எழும்போதும் குனியும்போதும் முதுகுதான் திண்டாடும், அதனால் அங்கிருந்தே ஆரம்பித்தோம்.

முதலில் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். சிறுநீர், மலம் அடக்க முடியவில்லை, தொடையிடுக்கு மரத்துப்போகிறது, கால் வலுவிழக்கிறது என்றால் பயிற்சியே வேண்டாம், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

படி 1: உட்கார்ந்து எழுவது. என்னைக் கேட்டால் இது ஒன்றை மட்டும் செய்தாலும் போதும் என்பேன். பிளாஸ்டிக் நாற்காலி வேண்டாம், வழுக்கும். கனமான மரநாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, உயரம் போதாவிட்டால் மேலே கெட்டியான குஷன் ஒன்று வையுங்கள். நுனியில் உட்கார்ந்து, பாதங்களை முழங்காலுக்குச் சற்று பின்னே இழுத்து, வயிறு இடித்தால் கால்களை இன்னும் அகட்டி, மூக்கு கால்விரலுக்கு நேராக வரும்வரை முன்னால் சாய்ந்து, மூச்சை விட்டுக்கொண்டே எழுங்கள். மூன்று எண்ணிக்கொண்டு மெதுவாக உட்காருங்கள், தொப்பென்று விழக்கூடாது. ஐந்து முறை, இரண்டு நிமிட ஓய்வு, மறுபடி ஐந்து. மூச்சை அடக்கினால் ரத்த அழுத்தம் ஏறும், கவனம்.

படி 2: சுவரில் கை ஊன்றி, முழங்கையை மடக்கிச் சுவரை நோக்கிச் சாய்ந்து, திரும்பத் தள்ளி நிமிர்வது. ஒரு கை தூரத்தில் நின்று எட்டு முறை.

படி 3: உடற்பயிற்சிக்கான நீளமான ரப்பர் பேண்டை உறுதியான ஜன்னல் கம்பியில் மாட்டி, அதன் முனைகளைப் பிடித்து, உட்கார்ந்தபடியே முழங்கையைப் பின்னால் இழுப்பது. இதுவும் எட்டு.

படி 4: படுத்துக்கொண்டு முழங்காலை மடக்கி இடுப்பைத் தூக்குவது. தரையில் படுத்தால் எழுவது பெரும்பாடு, கட்டிலிலேயே செய்யலாம். கொஞ்சம் தூக்கினாலே போதும்.

வாரத்துக்கு இரண்டு நாள், நடுவில் ஓய்வு விட்டு. உலக சுகாதார நிறுவனமும் குறைந்தது இரண்டு நாள் என்றுதான் சொல்கிறது. செய்யும்போது லேசாக வலிப்பது பரவாயில்லை. மறுநாள் காலையிலும் வலி கூடியே இருந்தால் அடுத்த தடவை எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், அடியோடு நிறுத்திவிடாதீர்கள்.

ஐந்து சுலபமானதும் எட்டு, அப்புறம் பன்னிரண்டு. அதற்கப்புறம் குஷனை எடுத்துவிடலாம். அம்மா இரண்டு மாதத்தில் எடுத்தார். இப்போது ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுகிறார்.