பழைய இபிஏபிஎக்ஸில் வாய்ஸ் மெயில் பெட்டியை இணைப்பது எப்படி

கோவையில் இபிஏபிஎக்ஸ் (ஒரு அலுவலகத்துக்குள் எக்ஸ்டென்ஷன் எண்களை இணைக்கும் சின்ன டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்) வேலை பார்க்க ஆரம்பித்து 18 வருஷம் ஆகிறது. "அண்ணா, வாய்ஸ் மெயில் பெட்டியை மாட்டிவிட்டேன், ஆனால் யாருக்குக் கூப்பிட்டாலும் பொது அறிவிப்புதான் வருகிறது" என்று மாதத்துக்கு ஒரு தம்பியாவது எனக்குப் போன் செய்வான். ஆள் எடுக்காத அழைப்பில் செய்தியைப் பதிவு செய்து வைக்கும் கருவிதான் இந்தப் பெட்டி. ஒயர் இழுப்பது அரைமணி நேர வேலை. அழைப்பு யாருக்கு வந்தது, கூப்பிட்டவர் எப்போது போனை வைத்தார் என்ற இரண்டையும் பெட்டிக்குப் புரியவைப்பதில்தான் மீதி நாள் போகும். சாதாரண அனலாக் எக்ஸ்டென்ஷன் வழியாக இணைப்பதைத்தான் இங்கே சொல்கிறேன். சின்ன ஆலைகளிலும் லாட்ஜுகளிலும் இன்னும் இதுதான் ஓடுகிறது.

முதலில் காலியான எக்ஸ்டென்ஷன் போர்ட்டுகளைத் தேடுங்கள். 40, 50 எக்ஸ்டென்ஷன் உள்ள இடத்துக்கு நான் 4 போர்ட் வைப்பேன். இரண்டோடு நிறுத்தினால், ஒருவர் செய்தி விட, இன்னொருவர் தன் செய்தியைக் கேட்க, மூன்றாவதாகக் கூப்பிடுபவருக்கு எங்கேஜ்டு. எண்கள் வரிசையாக இருந்தால் நல்லது. 291 முதல் 294 வரை என்று வைத்துக்கொள்வோம். குரோன் மாட்யூலில் (ஒயர் ஜோடிகளை இணைக்கும் பட்டை) பஞ்சிங் டூலால் ஜோடி ஜோடியாக அடித்து, பெட்டிப் பக்கம் ஆர்ஜே11 பிளக்கின் நடு இரண்டு பின்னில் கொண்டுவாருங்கள். பெட்டியைச் சொருகும் முன் ஒவ்வொரு ஜோடியிலும் பட் போனை (லைன்மேன் கையில் வைத்திருக்கும் சோதனை போன்) மாட்டி டயல் டோன் கேளுங்கள், ரிசப்ஷனுக்கு ஒரு அழைப்பு போடுங்கள். ஒயரில் தப்பு இருந்தால் இங்கேயே தெரிந்துவிடும். இபிஏபிஎக்ஸ் ஓடும் அதே யுபிஎஸ்ஸிலேயே பெட்டிக்கும் கரன்ட் கொடுங்கள்.

அப்புறம் புரோகிராமிங். நான்கு போர்ட்டையும் ஒரு ஹன்ட் குரூப்பில் (ஒன்று பிஸியானால் அடுத்ததுக்கு அழைப்பு போகும் தொகுதி) போட்டு அதற்கு ஒரு எண் கொடுங்கள், 500 என்று. இந்த நான்கிலும் கால் வெயிட்டிங், ஃபார்வர்டு, நடுவில் நுழையும் வசதி எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். செய்தி பதிவாகும்போது நடுவில் ஒரு 'பீப்' விழுந்தால் அதுவும் சேர்ந்து பதிவாகும். பிறகு ஒவ்வொரு ஊழியரின் எக்ஸ்டென்ஷனிலும், லைன் பிஸியாக இருந்தாலோ நான்கு ரிங் போயும் எடுக்காவிட்டாலோ அழைப்பு 500க்குப் போக வேண்டும் என்று வையுங்கள்.

இனிதான் முக்கியமான இடம். 214இல் யாரும் எடுக்கவில்லை, அழைப்பு 500க்கு வருகிறது, பெட்டி எடுக்கிறது. இது 214க்கு வந்தது என்று பெட்டிக்கு எப்படித் தெரியும்? பெட்டி எடுத்தவுடன் இபிஏபிஎக்ஸ் அதே ஜோடியில் டிடிஎம்எஃப் எண்களை (பட்டனை அமுக்கும்போது கேட்கும் ஒலிகள்) அடித்துக் காட்ட வேண்டும்: முன்னால் ஒரு குறியீடு, பின்னால் 214. ஊழியர் தன் செய்தியைக் கேட்க நேராக 500ஐ அழைத்தால் குறியீடு வேறாக வரும். பெட்டி உடனே பாஸ்வேர்டு கேட்கும். இந்தக் குறியீடுகள் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். இரண்டு மேனுவலையும் பக்கத்தில் வைத்து, இரண்டு பக்கமும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கும்படி போடுங்கள்.

பட் போனை மானிட்டரில் (லைனை எடுக்காமல் கேட்க மட்டும்) வைத்து அந்த ஜோடியில் கேளுங்கள். ரிங் நிற்கும், ஒரு சின்ன அமைதி, அப்புறம் 'டுட்டுட்டுட்' என்று எண்கள் ஓடும். அந்த அமைதியைக் கவனியுங்கள். ஒரு ஆஸ்பத்திரியில் 214க்கு வந்த அழைப்பெல்லாம் பெட்டியின் லாகில் (பதிவுப் பட்டியலில்) 14 என்றே விழுந்தது. பெட்டி காதைத் திறப்பதற்குள் முன்னால் வரும் குறியீடும் 2 என்ற எண்ணும் போய்விட்டிருந்தன. இபிஏபிஎக்ஸில் எண் அனுப்பும் முன் ஒரு செகண்ட் இடைவெளி வைத்தேன், சரியாகிவிட்டது.

அடுத்தது, போனை வைத்ததைத் தெரிவிப்பது. ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் தீபாவளி விடுமுறைக்கு முந்தின நாள் மாட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன். நான்கு நாள் கழித்துத் திறந்தால் பெட்டி நிரம்பியிருந்தது. ஒவ்வொரு செய்தியிலும் பத்து செகண்ட் பேச்சு, மீதி முழுக்க எங்கேஜ்டு டோன். கூப்பிட்டவர் வைத்த பிறகும் பெட்டி விடாமல் பதிவு செய்திருக்கிறது. அதனால் வாடிக்கையாளர் ஒருவரின் ஆர்டர் செய்திக்கு இடமில்லாமல் போயிற்று. அன்று அந்த மேனேஜர் முன் நின்றது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது.

காரணம் இதுதான். பெட்டி அமெரிக்க டோனை எதிர்பார்த்துக்கொண்டிருந்தது: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் கலந்து, அரை செகண்ட் ஒலி, அரை செகண்ட் அமைதி. நம் நாட்டு எங்கேஜ்டு டோன் 400 ஹெர்ட்ஸ், முக்கால் செகண்ட் ஒலி, முக்கால் செகண்ட் அமைதி. இபிஏபிஎக்ஸ் தானே கொடுக்கும் டோன் இதிலிருந்தும் மாறலாம். அதனால் ஊகிக்காதீர்கள், அளந்துவிடுங்கள். செல்போனில் டோனைப் பதிவு செய்து, லேப்டாப்பில் ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் ஒலி எத்தனை மில்லிசெகண்ட், இடைவெளி எத்தனை என்று கண்ணாலேயே பார்க்கலாம். உள்ளிருந்து ஒரு அழைப்பு, வெளி லைனிலிருந்து ஒரு அழைப்பு என இரண்டையும் அளந்து, இரண்டு அளவையும் பெட்டியில் போடுங்கள். மூன்று, நான்கு சுற்று கேட்டபின் துண்டிக்கும்படி வையுங்கள்; அதற்குக் குறைத்தால் மனிதப் பேச்சையே டோன் என்று எடுத்து அறுத்துவிடக்கூடும். எதிர்ப்பக்கம் வைத்தவுடன் லைன் கரன்ட்டை ஒரு கணம் நிறுத்திக் காட்டும் வசதி உங்கள் இபிஏபிஎக்ஸில் இருந்தால் அதை ஆன் செய்துவிடுங்கள். டோனைவிட அதை நம்பலாம்.

பெட்டி அழைப்பை மாற்றிக் கொடுக்க வேண்டுமானால் ஃபிளாஷ் நேரம் (அழைப்பை மாற்ற லைனை ஒரு கணம் விட்டுப் பிடிக்கும் நேரம்) பொருந்த வேண்டும். நான் 600 மில்லிசெகண்டில் தொடங்குவேன். குறைந்தால் இபிஏபிஎக்ஸ் கண்டுகொள்ளாது, கூடினால் அழைப்பே அறுந்துபோகும். செய்தி வந்ததும் போனில் விளக்கு எரிய, பெட்டி எந்தக் குறியீட்டை டயல் செய்ய வேண்டும் என்பதையும் இதோடு போட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று, இதை மட்டும் நாளைக்கு என்று தள்ளாதீர்கள். 291 முதல் 294 வரை நான்கிலும் எஸ்டிடி, ஐஎஸ்டி இரண்டையும் பூட்டுங்கள். பெட்டிக்குள் நுழைந்து, அங்கிருந்து வெளி லைன் பிடித்து வெளிநாட்டுக்குப் பேசுவது திருடர்களுக்குப் பழகிய வழி. பில் உங்கள் வாடிக்கையாளர் தலையில் விழும். 1234, 0000 போன்ற பாஸ்வேர்டுகளை எல்லோரிடமும் மாற்றச் சொல்லி, நீங்கள் அங்கே இருக்கும்போதே மாற்றவையுங்கள்.

கிளம்பும் முன் உங்கள் செல்போனிலிருந்து நான்கு தடவை அழையுங்கள்: எடுக்காத எண்ணுக்கு, பிஸியான எண்ணுக்கு, பேசாமல் வைத்துவிட, பேசிவிட்டு வைக்க. நான்கு தடவையும் போர்ட் விளக்கு அணைந்ததா பாருங்கள். அளந்த டோன் அளவு, ஃபிளாஷ் நேரம், குறியீடுகள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி எம்டிஎஃப் பெட்டியின் (எல்லா ஒயர்களும் வந்து சேரும் பெட்டி) கதவுக்கு உள்பக்கம் ஒட்டிவிட்டு வாருங்கள்.